கிளை நூலகத்தை மூடப்போகிறார்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தெற்கு லண்டனில் இருக்கிறேன். பக்கத்துக் குரோய்டனில் 2024இல் பிராட் கிரீன் உட்பட நான்கு கிளை நூலகங்களை மூடிவிட்டார்கள். இப்போது எங்கள் கவுன்சிலும் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கிளையை மூடுவதாகச் சொல்லி 12 வாரக் கருத்துக்கேட்பு அறிவித்திருக்கிறது. அதில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. பணமில்லை, வாசகர் வருகையும் குறைந்துவிட்டது என்கிறார்கள். வேண்டுமானால் நீங்களே தன்னார்வலர்களாகச் சேர்ந்து நடத்துங்கள் என்றும் சொல்கிறார்கள். அங்கே மூன்று அலமாரி தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் அம்மா அங்கேதான் இருப்பார். கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். அது போதுமா? தன்னார்வலர் யோசனையை ஏற்கலாமா? நம்மூர் மாதிரி நூலகத்துக்கென்று தனி வரி இங்கே கிடையாதா?

ஒரு வாசகர்,
தெற்கு லண்டன்

அன்புள்ள நண்பருக்கு,

கையெழுத்து வாங்குவதை நிறுத்தாதீர்கள். இத்தனை கையெழுத்து சேர்ந்தால் முழு மன்றத்தில் விவாதிக்க வேண்டும் என்று பல கவுன்சில்களில் விதி உண்டு. உங்கள் கவுன்சிலில் அந்த எண்ணிக்கை என்ன என்று பார்த்து அதைத் தாண்டிவிடுங்கள். ஆனால் மூடலைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ உதவப்போவது கணக்கும் காகிதமும்தான். மீதியுள்ள பத்து வாரத்தை அதற்குச் செலவிடுங்கள்.

முதலில் அந்த 'வருகை குறைந்துவிட்டது' என்ற வாதம். கிளை நூலகம் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் திறந்திருக்கும் நேரம் குறையும். பிறகு புத்தகம் வாங்கும் பணம் வெட்டப்படும். ஓய்வுபெற்ற நூலகரின் இடம் காலியாகவே கிடக்கும். எந்த நாள் திறந்திருக்கும் என்று தெரியாமல் இரண்டு முறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மூன்றாம் முறை வரமாட்டார். அப்புறம் அந்தக் குறைவையே காட்டி மூடுவார்கள். இதை உடைக்க ஒரு வகுத்தல் போதும். உதாரணத்துக்கு, வாரம் 40 மணி நேரம் திறந்திருந்தபோது ஆண்டுக்கு 24,000 புத்தகங்கள் இரவல் போயின, 20 மணியாக்கியபின் 15,000 போகின்றன என்று வையுங்கள். அறிக்கையில் '37.5 சதவீதம் வீழ்ச்சி' என்று இருக்கும். ஆண்டுக்கு 50 வாரம் என்று கொண்டால் முன்பு 2,000 மணி நேரத்தில் 24,000, மணிக்கு 12. இப்போது 1,000 மணி நேரத்தில் 15,000, மணிக்கு 15. அதாவது கதவு திறந்திருக்கும் நேரத்தில் கூட்டம் கூடியிருக்கிறது. உங்கள் கிளையின் பத்தாண்டு எண்களை வாங்கி இப்படி வகுத்துப் பாருங்கள். கொரோனாக் காலத்து ஆண்டுகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள், அவை எந்தப் பக்கத்துக்கும் சான்றாகாது. அம்மாவைப் போல உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறவர்கள் இரவல் கணக்கில் வரவே மாட்டார்கள். அதனால் வருகை, கணினிப் பயன்பாடு, குழந்தைகள் நிகழ்ச்சி, படிக்கும் மேசைகள் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது 'மிச்சமாகும்' தொகை. கருத்துக்கேட்பு ஆவணத்தில் ஒரு தொகை போட்டிருப்பார்கள். அது எப்படி வந்தது என்று கேளுங்கள். கிளையின் செலவில் நேர்ச்செலவு என்பது சம்பளம், வாடகை, மின்சாரம், சுத்தம், புத்தகம். இதோடு தலைமையகத்தின் கணினித் துறை, கணக்குத் துறை, பணியாளர் துறைச் செலவிலிருந்தும் ஒரு பங்கைக் கிளையின் தலையில் எழுதியிருப்பார்கள். கிளையை மூடினாலும் அந்தப் பங்கு எங்கும் போகாது, மீதிக் கிளைகளின் தலையில் ஏறும். ஆகவே நேர்ச்செலவு மட்டுமே உண்மையான மிச்சம். அதிலிருந்தும் மூடுவதற்கான செலவைக் கழிக்க வேண்டும்: ஆட்குறைப்பு இழப்பீடு, காலிக் கட்டடத்துக்குக் காவலும் காப்பீடும், குத்தகைக் கட்டடம் என்றால் உரிமையாளரிடம் பழுது பார்த்து ஒப்படைக்கும் செலவு. கட்டடத்தை விற்றுக் கிடைக்கும் பணம் மூலதனக் கணக்கில் போய்ச் சேரும். சில விதிவிலக்குகள் தவிர அதைச் சம்பளம், மின்கட்டணம் போன்ற நடப்புச் செலவுக்கு எடுக்க முடியாது. விற்பனையைக் காட்டி 'பற்றாக்குறை தீரும்' என்று யாராவது பேசினால் எந்தக் கணக்கின் பற்றாக்குறை என்று கேளுங்கள்.

கவுன்சில்களிடம் பணமில்லை என்பது பொய்யல்ல. 2010 அக்டோபர் செலவின மறுஆய்வுக்குப் பிறகு பிரிட்டன் அரசு உள்ளாட்சிக்குத் தரும் மானியத்தைக் கடுமையாக வெட்டியது. முதியோர், குழந்தைகள் பராமரிப்பைச் சட்டப்படி கைவிட முடியாது, அதன் செலவோ ஏறிக்கொண்டே போகிறது. குரோய்டன் 2020இல், பர்மிங்ஹாம் 2023இல் வரவுசெலவைச் சமன் செய்ய முடியாது என்று உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி அறிவித்தன. பர்மிங்ஹாமின் பெரிய மைய நூலகம் 18 கோடிப் பவுண்டுக்கு மேல் செலவழித்து 2013இல் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் வாரம் 73 மணி நேரத்தை 40 ஆக்கினார்கள். கட்டடத்துக்கு ஒருமுறை பணம் கிடைத்துவிடும், ஆண்டுதோறும் விளக்கெரியப் பணம் கிடைப்பதுதான் கடினம். அமெரிக்க எஃகு அதிபர் கார்னகி அந்தக் காலத்தில் நூலகக் கட்டடம் கட்டப் பணம் கொடுத்தபோது 'நடத்தும் செலவு ஊராட்சியுடையது' என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

நூலகமும் சட்டக் கடமைதான். 1964ஆம் ஆண்டு பொது நூலகங்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவு 'முழுமையான, திறமையான' நூலகச் சேவை தர வேண்டும் என்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரத்துக்குள், எத்தனை புத்தகம் என்று அதில் எண்ணே இல்லை. இங்கிலாந்தில் 2001இல் அப்படிச் சில அளவுகோல்கள் வந்தன, 2008இல் கைவிட்டார்கள். எண் இல்லாத கடமையில்தான் முதல் வெட்டு விழும். பிபிசி 2016இல் திரட்டிய கணக்கில் ஆறே ஆண்டில் 343 நூலகங்கள் மூடப்பட்டிருந்தன, கிட்டத்தட்ட 8,000 பணியிடங்கள் போயிருந்தன.

இந்தச் சட்டத்தை எங்கே பிடித்து இழுக்கலாம்? 2009இல் விர்ரல் கவுன்சில் தன் 24 நூலகங்களில் 11ஐ மூட முனைந்தபோது அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். உள்ளூர் மக்களின் தேவையை, முக்கியமாகக் குழந்தைகளின் தேவையை, ஆராயாமலே முடிவெடுத்தார்கள் என்றது விசாரணை அறிக்கை. அது வெளிவரும் முன்பே கவுன்சில் திட்டத்தைக் கைவிட்டது. அதன்பின் அமைச்சர்கள் அந்த அதிகாரத்தைக் கையிலெடுக்கத் தயங்கியே வந்திருக்கிறார்கள், அதனால் அவர்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆனால் விர்ரல் எழுப்பிய கேள்வி உங்களுக்கும் உதவும்: 'தேவை மதிப்பீடு எங்கே? எந்தத் தேதியில் செய்தீர்கள்?' அதை எழுத்தில் கேளுங்கள்.

நீதிமன்றம் பணத்தை எடை போடாது, நடைமுறையைத்தான் பார்க்கும். 2011 நவம்பரில் குளொஸ்டர்ஷயர், சாமர்செட் இரண்டின் மூடல் முடிவுகளும் ரத்தாயின. மாற்றுத்திறனாளிகள் போன்ற பிரிவினர் மீது என்ன விளைவு என்பதைச் சட்டம் சொல்லும் சமத்துவக் கடமைப்படி சரியாக எடைபோடவில்லை என்பதே காரணம். அதே பருவத்தில் வடமேற்கு லண்டனின் பிரெண்ட் மக்கள் தோற்றார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். நம்மவர் நிறையப் பேர் வாழும் வெம்ப்ளிப் பக்கம் உட்பட ஆறு கிளைகள் போயின. 1900இல் மார்க் ட்வைன் திறந்து வைத்த கென்சல் ரைஸ் அவற்றில் ஒன்று. அங்கே கவுன்சில் காகிதங்களைச் சரியாகச் செய்திருந்தது. நார்தாம்டன்ஷயர் 21 நூலகங்களை மூட எடுத்த முடிவை 2018இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இப்படி வென்றால் கிடைப்பது நேரம். கவுன்சில் நடைமுறையைச் சரி செய்துகொண்டு மறுபடியும் அதே முடிவுக்கு வரலாம், வந்தும் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் தேர்தல் வரலாம், வேறு கட்டடத்தோடு கிளையைச் சேர்க்கும் யோசனை வரலாம். அதற்காகவே போராடத் தகும்.

கருத்துக்கேட்பு நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்க நான்கு அளவுகோல்கள் உண்டு. 1985இல் பிரெண்ட் கவுன்சில் மேலேயே பள்ளி மூடலுக்காகத் தொடுத்த கன்னிங் வழக்கில் பிறந்தவை அவை. முடிவு உருவாகும் முன்பே கேட்க வேண்டும். பதில் சொல்லப் போதுமான தகவல் தர வேண்டும். போதிய நேரம் தர வேண்டும். வந்த பதில்களை மனதார எடைபோட வேண்டும். உங்கள் கவுன்சிலின் ஆவணத்தை இந்த நான்கோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை இரண்டாவதில் இருக்கும்: மற்ற வழிகள் (நேரக் குறைப்பு, கட்டடப் பகிர்வு) ஏன் ஒதுக்கப்பட்டன என்று ஒரு வரிகூட இருக்காது. கட்டடம் ஏற்கெனவே விற்பனைப் பட்டியலில் இருந்தால் முதலாவதே உடைந்தது. வழக்கு என்று வந்தால் முடிவெடுத்த நாளிலிருந்து தாமதமின்றி, அதிகபட்சம் 3 மாதத்துக்குள் போக வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் உங்கள் மேல் விழலாம். அதனால் இலவச சட்ட உதவிக்குத் தகுதியுள்ள வாசகர் யாராவது இருக்கிறாரா என்று இப்போதே விசாரியுங்கள்.

தன்னார்வலர் யோசனைக்கு வருகிறேன். பிரெண்டில் மூடிய பிரெஸ்டன் கிளையைப் பின்னால் ஊர்மக்களே எழுப்பி நடத்தினார்கள், முடியாத காரியம் இல்லை. ஆனால் ஆள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரம் 20 மணி நேரம், எப்போதும் இரண்டு பேர் என்றால் 40 ஆள்-மணி. ஆளுக்கு வாரம் ஒரு மூன்று மணி நேர முறை என்றால் 14 பேர். காய்ச்சல், ஊருக்குப் போதல், பேரப்பிள்ளை பார்த்தல் எல்லாம் சேர்த்து 25 முதல் 30 பேர் கையில் இல்லாவிட்டால் முதல் குளிர்காலத்திலேயே கதவு அடைபடும். ஆள் கிடைத்தாலும் ஒப்பந்தத்தில்தான் ஆபத்து. எல்லாப் பழுதும் குத்தகைதாரர் பொறுப்பு என்று இருந்தால் கூரையும் கொதிகலனும் உங்கள் தலையில். கட்டடத்தின் நிலை அறிக்கையைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். குத்தகை இரண்டு மூன்று ஆண்டுதான் என்றால் எந்த அறக்கட்டளையும் பணம் தரத் தயங்கும். பொதுப் பொறுப்புக் காப்பீடு, தீ அபாய மதிப்பீடு, குழந்தைகளோடு பழகுவோருக்குக் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, வாசகர் விவரப் பாதுகாப்பு எல்லாம் உங்கள் வேலையாகிவிடும். பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கட்டட வரியில் 80 சதவீதம் கட்டாயத் தள்ளுபடி உண்டு, அது ஒரு ஆறுதல்.

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாதது ஒன்று. கிளை கவுன்சிலின் சட்டப்பூர்வ வலையமைப்புக்குள் இருக்க வேண்டும். வெளியே போனால் பொதுப் பட்டியல் துண்டிக்கப்படும், பிற கிளைகளின் புத்தகங்கள் உங்களுக்கு வராது, கைவசம் உள்ள சில ஆயிரம் புத்தகங்களோடு தேங்கிவிடும். இரவல் எண்ணிக்கைப்படி எழுத்தாளருக்குக் கிடைக்கும் சிறு தொகையும் கிடைக்காது. சம்பளம் வாங்கும் நூலகர் ஒருவர் வாரத்தில் சில நாளாவது வர வேண்டும் என்றும் கேளுங்கள். ஆளில்லாமல் அட்டை தேய்த்துத் திறக்கும் தானியங்கி நேரத்தைச் சிலர் மாற்றாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் சிறுவர்களைப் பெரும்பாலும் பெரியவர் துணையில்லாமல் விடமாட்டார்கள். பள்ளி விட்டு நேரே வரும் பிள்ளைக்கு அது பூட்டிய கதவுதான்.

இப்போதைக்கு 'வேண்டாம்' என்றும் சொல்லாதீர்கள், 'சரி' என்றும் சொல்லாதீர்கள். கருத்துக்கேட்பு முடியும்வரை மூடக்கூடாது என்பதே உங்கள் நிலை. சம்மதக் கடிதம் எதுவும் போய்விட்டால் 'மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்' என்று அறிக்கையில் ஏறிவிடும். கூடவே கட்டடத்தை 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிய மனுக் கொடுங்கள். 21 பேர் கொண்ட ஒரு குழு போதும், 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். பதிந்தால் 5 ஆண்டு நிற்கும். விற்க வந்தால் நீங்கள் 6 வாரத்துக்குள் விருப்பம் தெரிவிக்கலாம், தெரிவித்தால் மொத்தம் 6 மாதம் விற்பனை காத்திருக்கும். உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

தமிழ் அலமாரி பற்றி. கிளை மூடினால் அவை வேறு கிளைக்குப் போகலாம், 'சில ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை' என்று கழிக்கப்படவும் செய்யலாம். எனவே அங்கேயே படிப்பதை இந்த வாரம் முதல் அட்டையில் பதிந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள், அம்மாவையும் சேர்த்து. தமிழ் இரவல் எண்ணிக்கையைக் கிளைவாரியாகக் கேட்டு வாங்குங்கள். 'மின்நூல் இருக்கிறதே' என்பார்கள். அந்தச் செயலியில் தமிழ் என்று தேடி எத்தனை வருகிறது என்று திரையைப் படமெடுத்து இணையுங்கள். ஆங்கிலம் படிக்காத முதியவர்கள் என்பது சமத்துவ மதிப்பீட்டில் பேச வேண்டிய விஷயம், அங்கே எழுதுங்கள்.

தனி வரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கேயும் ஒரு காலத்தில் இருந்தது: 1855 முதல் 1919 வரை, சொத்து மதிப்பில் பவுண்டுக்கு ஒரு பென்னிக்கு மேல் நூலகத்துக்கு வசூலிக்கக் கூடாது என்ற உச்சவரம்போடு. உச்சவரம்பு போனபோது தனிப் பணம் என்ற எண்ணமும் மெல்லப் போனது. நம்மூரில் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரி என்பது 1948 சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் கொடை. அதற்காக உழைத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் லண்டன் வந்து படித்தபோது அவருக்கு ஆசானாக இருந்தவர் பெர்விக் சேயர்ஸ், குரோய்டன் நூலகங்களின் தலைமை நூலகர். நான்கு கிளைகளை மூடிய அதே குரோய்டன். தனி வரி இருப்பதால் நம்மூர் நூலகம் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளாட்சிகள் வரியை வசூலித்துவிட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பது பழைய நோய். அங்கே மூடல் அறிவிப்பு வராது, புதுப் புத்தகம் வராது, ஆள் வராது.

இந்த வாரமே தகவல் அறியும் மனுவை அனுப்புங்கள். பதில் தர 20 வேலை நாள், அதாவது நான்கு வாரம். ஆறாம் வாரத்தில் கையில் கிடைத்தால் துணைக் கேள்விக்கும் இன்னொரு 20 நாள் மிஞ்சும். மேலே சொன்னவற்றைத் தனித்தனி எண்ணிட்ட கேள்விகளாக எழுதுங்கள்: பத்தாண்டு திறப்பு நேரம், இரவல், வருகை, நேர்ச்செலவும் பங்குச் செலவும் பிரித்து, தேவை மதிப்பீடு, சமத்துவ மதிப்பீடு, கட்டட நிலை அறிக்கை. தேவையானதை மட்டும் குறிப்பாகக் கேளுங்கள், பரந்து கேட்டால் செலவு வரம்பைத் தாண்டுகிறது என்று மொத்தத்தையும் மறுக்க வழி கிடைத்துவிடும். பட்ஜெட்டை ஆண்டுதோறும் மார்ச் 11க்குள் முடித்தாக வேண்டும், அதனால் டிசம்பருக்கு முன் உங்கள் வார்டு கவுன்சிலர்கள் கையில் இந்த எண்கள் இருக்கட்டும். பதில் வந்ததும் அந்தத் தாள்களை அனுப்புங்கள், வகுத்துப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.