வேலூரில் ஒரு நாள்தான் இருப்போம். கோட்டை மியூசியத்தில் பார்க்கும்படி ஏதாவது இருக்கிறதா?

ஆஸ்பத்திரிக்கு வருகிறீர்கள், ரிப்போர்ட் வரும்வரை ஒரு பகல் சும்மா கிடக்கிறது, அதனால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இருக்கிறது, தாராளமாகப் போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், விடுமுறை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளூர்க்காரன்தான், ஆனால் பள்ளியில் கூட்டிப்போனதோடு சரி. தஞ்சாவூர்ச் சகலை வந்திருந்தார். சோற்றில் கை வைத்ததும் ஆரம்பித்துவிட்டார்: "தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. அதானே உங்க ஊரு?" எனக்குச் சுருக்கென்றது. கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981லேயே திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை அவரும் டிவியில் பார்த்திருப்பார். வீம்புக்குக் கையோடு கிளப்பிக்கொண்டு போனால், கதவு பூட்டியிருக்கிறது. சகலை ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

மறுநாள் மறுபடி போனோம். கற்சிலைகளை விறுவிறுவென்று தாண்டினார். பெரிய கோயில் நிழலில் வளர்ந்தவர், குற்றம் சொல்ல மாட்டேன். தந்தத்தில் செய்த சதுரங்கப் பலகை முன்னால்தான் கால் நின்றது. கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கனுடையது. வெள்ளைக்காரர்கள் 1815இல் பிடித்து, அடுத்த வருஷம் வேலூருக்குக் கொண்டுவந்து சிறைவைத்தார்கள். 1832இல் சாகும்வரை இங்கேதான். சகலை கண்ணாடியில் மூக்கு படுமளவு குனிந்து பார்த்துவிட்டு, "இவர் யாரோட ஆடியிருப்பார் சகலை?" என்றார். ராஜா இல்லாத கோட்டையா என்று கேட்க வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன்.

சென்னை எழும்பூர் மியூசியத்து வெண்கலச் சிலைகளோடு ஒப்பிட்டு யாரும் சண்டைக்கு வராதீர்கள். அது வேறு, இது வேறு. எங்கள் பக்கத்துச் சொத்து நடுகல். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல். பழைய வட ஆற்காட்டில், செங்கம் பக்கம் எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்ததாம், வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், வெட்டி வைத்திருக்கிறார்கள். பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலம், அதாவது ராஜராஜனுக்கு 300 வருஷத்துக்கும் மேல் முந்தியது. (சகலையும் இதைப் படிப்பார்.)

நேரம் இருந்தால் கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஊருக்கு முள்ளுக் கத்திரிக்காய் வாங்குவதானால் காம்பைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். இலவம்பாடி ஊர்க் காய் என்று சொல்லி எதை எதையோ தலையில் கட்டுகிறார்கள். சகலைக்கு 2 கிலோ கட்டிக்கொடுத்தேன், எல்லாம் ஒரே விதை. போன் போட்டு, "உங்க ஊரு கத்திரிக்காயா இது?" என்கிறார்.