சீசன் நடுவே வந்தவர்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் 2004-ல் கோப்பை வென்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை நானும் என் ரூம் நண்பனும் சேர்ந்துதான் படித்தோம். பிப்ரவரியில் ரஷீத் வாலஸ் வந்தார், ஜூனில் கோப்பை வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் 2025 பிப்ரவரியில் லூக்கா டான்சிச் டல்லாஸிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கு வந்த அன்று நண்பனிடம் பந்தயம் கட்டினேன். நான் கோபி பிரையன்ட் காலத்திலிருந்து லேக்கர்ஸ். அவன் டல்லாஸ். "டான்சிச் போனால் போகட்டும், பதிலுக்கு ஆந்தனி டேவிஸ் வந்திருக்கிறார், லாபம் எங்களுக்குத்தான்" என்றான்.

கடைசியில் லேக்கர்ஸ் பிளேஆஃபின் (சீசன் முடிந்தபின் முன்னணி அணிகள் கோப்பைக்கு மோதும் சுற்றுகள்) முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் ஆட்டக் கணக்கில் 4-1 என்று உதை வாங்கியது. டல்லாஸ் பிளேஆஃபுக்கே வரவில்லை. இருவருமே தோற்றதால் பிரியாணி யார் வாங்குவது என்ற பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை.

சீசன் பாதியில் ஆளை மாற்றினால் பிளேஆஃப் வாய்ப்பு உண்மையிலேயே கூடுமா? இல்லை, ஜெயித்த அணியைப் பார்த்துவிட்டு நாம்தான் பின்னாலிருந்து கதை கட்டுகிறோமா?

செ., திருப்பூர்

அன்புள்ள செ,

கதை கட்டுவதில் எனக்கும் பங்கு உண்டு. அந்தப் பிஸ்டன்ஸ் கட்டுரையில் யார் வந்தார் என்று விலாவாரியாக எழுதினேன், யார் போனார் என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. டிரேட் (அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) செய்தி வந்தால் நம் எல்லோருடைய கண்ணும் வந்தவர் மேல்தான் போகிறது. பிளேஆஃபில் எதிரணி பார்ப்பது போனவர் விட்ட இடத்தை.

முதலில் பிஸ்டன்ஸ் கணக்கை முடித்துவிடுகிறேன். அது ஏற்கெனவே தேறிய அணி. முந்தைய ஆண்டு கிழக்குப் பகுதியின் இறுதிச்சுற்று வரை போய் நியூ ஜெர்சியிடம் 4-0 என்று தோற்றது. குறை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். பென் வாலஸ் உள்ளே தடுப்பார், பந்தைப் பிடுங்குவார், ஆனால் புள்ளி எடுக்க மாட்டார். அவருக்குப் பக்கத்தில் உயரமாகவும், தடுக்கத் தெரிந்தவராகவும், வெளியே நின்று எறியக்கூடியவராகவும் ஒருவர் வேண்டும். ரஷீத் வாலஸ் அச்சு அசலாக அந்த ஆள். அந்த பிப்ரவரியில் அவர் பட்ட பாடு தனிக்கதை. போர்ட்லாந்து அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பியது, அங்கே ஒரே ஒரு ஆட்டம் ஆடினார், மறுநாள் டெட்ராய்ட். பத்து நாளில் மூன்று ஜெர்சி.

டெட்ராய்ட் கொடுத்தது சக்கி அட்கின்ஸ், லிண்ட்ஸி ஹண்டர், பாப் சுரா, செல்ஜ்கோ ரெப்ராச்சா, கூடவே டிராஃப்ட் வாய்ப்புகள், அதாவது புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள். எல்லாம் பெஞ்சிலிருந்து போனது. பில்லப்ஸ், ஹாமில்டன், பிரின்ஸ், பென் வாலஸ் நால்வரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இதில் வேடிக்கை, அந்த டிரேடில் மூன்றாவது அணியாக இருந்த பாஸ்டன் தன்னிடம் வந்த ஹண்டரை உடனே விடுவித்துவிட, அவர் டெட்ராய்ட்டுக்கே திரும்பி வந்து பிளேஆஃபிலும் ஆடினார். டிரேடுக்குப் பிறகு 20 வெற்றி, 6 தோல்வி. மார்ச்சில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் எதிரணியை 70 புள்ளி தொடவிடவில்லை. இறுதியில் 4-1 என்று தோற்ற அணி உங்கள் லேக்கர்ஸ்தான். அந்த வயிற்றெரிச்சலையும் மீறிக் கட்டுரையைப் படித்ததற்கு நன்றி.

இப்போது 2025. டான்சிச் வருகிறார், டேவிஸ் போகிறார். புள்ளி எடுப்பதில் லேக்கர்ஸுக்கு நஷ்டமே இல்லை. ஆனால் கூடைக்கு அடியில் நின்றுகொண்டிருந்த மனிதர் கிளம்பிவிட்டார். நிர்வாகத்துக்கும் இது தெரியும். அதனால்தான் சில நாட்களிலேயே சார்லட் அணியிடமிருந்து மார்க் வில்லியம்ஸ் என்ற இளம் சென்டரை (கூடைக்கு அடியில் நிற்கும் உயரமான ஆட்டக்காரர்) வாங்க டால்டன் கனெக்டையும் 2031-ன் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையும் கொடுக்கச் சம்மதித்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் வில்லியம்ஸ் தேறவில்லை என்று அந்த டிரேடையே ரத்து செய்தார்கள். அதற்குள் டிரேட் செய்வதற்கான பிப்ரவரி 6 கெடு தாண்டிவிட்டது. சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சந்தையே சாத்தியிருக்கிறது.

சீசனின் மிச்ச ஆட்டங்களில் அந்த ஓட்டை பெரிதாகத் தெரியவில்லை. 50 வெற்றி, மேற்கில் மூன்றாம் இடம். சாதாரண சீசனில் இன்று ஓர் ஊர், நாளை மறுநாள் வேறு ஊர். எதிரணிக்கு உங்களைப் பற்றி யோசிக்கவே நேரம் இல்லை. பிளேஆஃபில் அதே அணி ஏழு ஆட்டம் வரை எதிரில் நிற்கும். முதல் ஆட்டத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்தால் மற்ற ஆட்டங்களில் அதில்தான் கையை விடும்.

மினசோட்டாவுடனான நான்காவது ஆட்டம் நினைவிருக்கிறதா? பயிற்சியாளர் ஜே.ஜே. ரெடிக் இரண்டாம் பாதி முழுக்க, 24 நிமிடமும், அதே ஐந்து பேரை ஆடவிட்டார். ஒரு மாற்று ஆட்டக்காரர்கூட இறங்கவில்லை. அதில் ஒருவர் 40 வயது லெப்ரான் ஜேம்ஸ். பெஞ்சில் இருந்த சென்டர்களை நம்ப முடியவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது 10 புள்ளி முன்னிலை. முடியும்போது 116-113 தோல்வி.

ஐந்தாவது ஆட்டத்தை மே தின விடுமுறை என்பதால் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்தேன். நமக்குக் காலை, அவர்களுக்கு ஏப்ரல் 30 இரவு. அன்று மினசோட்டா மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 47 முறை எறிந்து 7 மட்டுமே போட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு எறிந்தாலும் இதைவிடக் கொஞ்சம் கூட விழும். அப்படி எறிந்த அணி அன்றைக்கே மூட்டை கட்டியிருக்க வேண்டும். ஆனால் தவறி வரும் பந்தையெல்லாம் எடுக்க கூடைக்கு அடியில் ரூடி கோபேர் நின்றார். 27 புள்ளி, 24 ரீபவுண்ட். டேவிஸ் நின்றிருக்க வேண்டிய இடத்தில் கேட்பாரில்லாமல் கோபேர் எகிறிக் குதித்ததைப் பார்த்தபோது, அந்த பிப்ரவரி டிரேடின் ரசீதை யாரோ நீட்டுவது போலிருந்தது. 103-96. தொடர் முடிந்தது.

டான்சிச்சை வாங்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. 25 வயதில் அப்படி ஒருவர் கிடைத்தால் எந்த அணியும் வாங்கும். அந்த ஆண்டின் பிளேஆஃபுக்கு அது என்ன செய்தது என்பதுதானே உங்கள் கேள்வி?

ஆள் சரியானவராகவே இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. அதை நான் கல்லூரியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் வேறொரு ஊரிலிருந்து ஆறேகால் அடிப் பையன் ஒருவன் எங்கள் அணியில் சேர்ந்தான். எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடுவான். முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரன் மேலே வந்து ஸ்கிரீன் போட்டான், அதாவது குறுக்கே நின்று மறித்தான். பந்து வைத்திருப்பவனை இவன் பிடிப்பான் என்று நான் நின்றேன், நான் பிடிப்பேன் என்று இவன் நின்றான். பந்துக்காரன் எங்கள் நடுவே நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தான். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. தோற்றுத் திரும்பும்போது பஸ்ஸில் அவன் கேட்டான்: "எங்க டீம்ல பின்னாடி நிக்கிறவன்தான் கத்துவான். நீ ஏன்டா கத்தல?" யார் யாரைப் பிடிப்பது என்று எங்கள் அணியில் முன்னால் நிற்பவன் கத்துவது வழக்கம். அதை அவனுக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

என்பிஏவில் இதே கதை, கோடிக்கணக்கான டாலர் சம்பளத்தில். சீசன் நடுவில் முழுப் பயிற்சிக்கு நேரமே கிடையாது. பயணம், ஆட்டம், ஓய்வு, மறுபடி பயணம். புள்ளி எடுக்கும் திறமையை ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். யார் கத்துவது என்பதை வந்த இடத்தில்தான் பழகவேண்டும்.

போனவரால் வந்த சேதத்துக்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 2011 பாஸ்டன். பிப்ரவரியில் 41 வெற்றி, 14 தோல்வி என்று இருந்த அணி, கெண்ட்ரிக் பெர்கின்ஸை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து ஜெஃப் கிரீனை வாங்கியது. பெர்கின்ஸ் பெரிய புள்ளிக்காரர் இல்லை. ஸ்கிரீன் போடுவார், முறைப்பார், அடிவாங்கிக்கொண்டு நிற்பார். ஷகீல் ஓ'நீல் உடல் தேறி வந்துவிடுவார் என்று நம்பி அவரை விட்டார்கள், ஷகீல் தேறவில்லை. மிச்ச 27 ஆட்டங்களில் 15 வெற்றிதான். இரண்டாம் சுற்றில் மயாமியிடம் 4-1. அந்தத் தொடரில் ராஜன் ரோண்டோவின் முழங்கை பிசகியதையும் சொல்லியாக வேண்டும், எல்லாப் பழியையும் டிரேட் மேல் போட முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகு, என் கணக்கில் இடிக்கும் அணியை நீங்களே எடுத்து என் முன்னால் வைப்பதற்குள் நானே வைத்துவிடுகிறேன். 1995 ஹூஸ்டன் ராக்கெட்ஸ். நடப்புச் சாம்பியன். பிப்ரவரி 14 அன்று போர்ட்லாந்திலிருந்து கிளைட் டிரெக்ஸ்லரை வாங்கினார்கள். கொடுத்தது யாரை? ஹக்கீம் ஒலாஜுவானுக்குப் பக்கத்தில் நின்று ரீபவுண்ட் எடுத்துக்கொண்டிருந்த ஓடிஸ் தோர்ப்பை. நான் மேலே திட்டிய அதே காரியம்! உடனே பலனும் தெரிந்தது. அதுவரை 30 வெற்றி, 17 தோல்வி என்று இருந்த அணி அதற்குப் பிறகு 17-18. நடுவில் ஒலாஜுவான் ரத்தசோகையால் சில ஆட்டங்களுக்கு வரவில்லை. டிரெக்ஸ்லர் வந்ததால் நேரம் குறைந்த வெர்னன் மேக்ஸ்வெல் பிளேஆஃபின் முதல் ஆட்டத்தோடு அணியை விட்டே கிளம்பிவிட்டார். ஆறாம் இடத்தில் பிளேஆஃபுக்குள் நுழைந்த அந்த அணியை அன்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால் முதல் சுற்றைத் தாண்டாது என்றிருப்பேன்.

60 ஆட்டம் வென்ற யூட்டா, 59 வென்ற ஃபீனிக்ஸ், 62 வென்ற சான் அண்டோனியோ, 57 வென்ற ஆர்லாண்டோ. நால்வரையும் தோற்கடித்தார்கள், ஃபீனிக்ஸை 3-1 என்று பின்தங்கிய நிலையிலிருந்து. ஆறாம் இடத்திலிருந்து வந்து கோப்பை வென்ற அணி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எப்படி? தோர்ப் விட்ட இடத்தில் இன்னொரு தோர்ப்பைத் தேடாமல், மெலிந்த ராபர்ட் ஹாரியை அங்கே நகர்த்தினார்கள். அந்த சீசனில்தான் என்பிஏ மூன்று புள்ளிக் கோட்டைக் கூடைக்கு அருகே கொண்டுவந்திருந்தது. ஹாரி வெளியே நின்று எறிய, அவரைக் காக்க வந்த உயரமான ஆள் கூடையை விட்டு வெளியே வரவேண்டியிருந்தது. உள்ளே ஒலாஜுவான் தனியாக, தன் இஷ்டத்துக்கு. தோர்ப் இருந்திருந்தால் இந்த இடம் கிடைத்திருக்காது. இன்னொன்று, டிரெக்ஸ்லரும் ஒலாஜுவானும் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடியவர்கள். யார் கத்துவது என்ற பிரச்சினை அவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே தீர்ந்திருந்தது. 17-18 என்பதை அன்று எல்லோரும் தோல்வி என்று படித்தோம். 35 ஆட்டம் பழகினார்கள் என்று இப்போது படிக்கிறேன். இதுவும் பின்னாலிருந்து கட்டிய கதைதானே என்றால், ஆமாம்.

வாய்ப்பு என்பதை இடம் பிடிப்பது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பதில் எளிது. 2025-ல் கோல்டன் ஸ்டேட் 25-26 என்று தத்தளித்தபோது ஜிம்மி பட்லரை வாங்கி, மிச்ச 31 ஆட்டங்களில் 23 வென்றது. ஏழாம் இடம், பிளே-இன் (பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டங்கள்) தாண்டி உள்ளே வந்து ஹூஸ்டனையும் ஏழு ஆட்டத்தில் தோற்கடித்தது. அடுத்த சுற்றின் முதல் ஆட்டத்திலேயே ஸ்டெஃப் கரியின் தொடைத் தசை இழுத்துக்கொண்டது. அதோடு கதை முடிந்தது. வாசல் வரை கொண்டுபோய்விட ஒரு டிரேட் போதும். உள்ளே வேறு விவகாரம்.

உங்கள் நண்பரின் டல்லாஸுக்கும் ஒரு வார்த்தை. டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே அபாரமாக ஆடி, அதே ஆட்டத்தில் காயமும் பட்டார். மார்ச்சில் கைரி இர்விங்கின் முழங்கால் போனது. 39-43, பிளே-இன்னில் மெம்ஃபிஸிடம் தோல்வி. பிறகு டிராஃப்ட் குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதலிடம் பெற்று கூப்பர் ஃப்ளாக்கை எடுத்தார்கள். அதை டிரேடின் லாபமாகக் கணக்கில் எழுத நண்பர் முயல்வார், விடாதீர்கள்.

நீங்கள் இருவரும் கவனிக்காதது மினசோட்டா. அவர்களும் ஊரே அதிர்ந்த ஒரு டிரேட் செய்தவர்கள்தான். கார்ல்-ஆந்தனி டவுன்ஸை நியூயார்க்குக்குக் கொடுத்து ஜூலியஸ் ரேண்டலை வாங்கினார்கள். ஆனால் அது 2024 அக்டோபர் தொடக்கத்தில், சீசன் துவங்குமுன். ஜனவரி நடுவில்கூட வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய சமமாகத் தடுமாறினார்கள், ரேண்டலைத் திட்டாத ஆள் இல்லை. உங்கள் அணியோடு மோத வந்தபோது அவர்கள் 82 ஆட்டம் பழகியிருந்தார்கள். நீங்கள் பாதி சீசன்கூடப் பழகவில்லை. ரேண்டல் லேக்கர்ஸ் டிராஃப்டில் எடுத்து வளர்த்த பையன் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிரியாணிக்கு ஆளுக்குப் பாதி போடுங்கள்.