ஓர்க்கா யாருக்குக் கூட்டாளி, யாருக்கு எமன்? கேள்வி பதில்

கயல்: அண்ணா, கொலைத் திமிங்கிலம்னு சொல்ற ஓர்க்காவும் டால்பின் குடும்பம்தான்னு படிச்சேன். அப்புறம் எப்படி டால்பினையே வேட்டையாடுது?

சிறுத்தையும் பூனைக் குடும்பம்தான் கயல், பசித்தால் பூனையை விட்டுவைக்குமா? ஆனால் எல்லா ஓர்க்காவும் டால்பினைத் தொடுவதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரம் இரண்டு வகை ஓர்க்காக்கள் ஒரே கடலில் திரிகின்றன. 'ரெசிடென்ட்' வகை மீன் மட்டும் தின்னும், அதிலும் சினூக் சால்மன் என்றால் உயிர். 'பிக்ஸ்' வகைக்கு சீல் (கடல்நாய்), டால்பின் போன்ற பாலூட்டிகள்தான் சாப்பாடு. இரண்டும் ஒன்றோடொன்று சேர்வதில்லை, இனம் கலப்பதும் இல்லை. மீன் தின்னும் கூட்டம் ஓயாமல் சத்தமிட்டுக்கொண்டே போகும். பிக்ஸ் வேட்டைக்குக் கிளம்பினால் வாயே திறக்காது, ஏனென்றால் இரைக்குக் காது கூர்மை.

அந்தக் கடலின் வெள்ளைப்பக்க டால்பின்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பிக்ஸ் வந்தால் தலைதெறிக்க ஓடும். ரெசிடென்ட் வந்தால் அதன் மூக்குக்கு முன்னாலேயே போய் நீந்தும்.

இளங்கோ: அப்படி ஒட்டிக்கொண்டு திரிவதில் டால்பினுக்கு என்ன லாபம்?

அதே கரையோரம், வான்கூவர் தீவின் வட பகுதியில் ரெசிடென்ட் ஓர்க்காக்களின் முதுகில் உறிஞ்சி ஒட்டும் கேமராக்களைப் பொருத்தி, மேலே டிரோனும் விட்டுப் பார்த்தார்கள். 2025இல் முடிவுகள் வெளியாயின. டால்பின்களைக் கண்டதும் ஓர்க்காக்கள் திசைமாறி, அவற்றின் பின்னாலேயே ஆழத்துக்கு முங்கின. பெரிய சினூக்கை டால்பினால் முழுசாக விழுங்க முடியாது. ஓர்க்கா பிடித்துக் கிழித்துத் தன் கூட்டத்தோடு பங்குபோடும்போது சிதறும் துணுக்குகள் டால்பினுக்கு. டால்பின்களின் எதிரொலித் தேடல், அதாவது சத்தம் எழுப்பி அதன் எதிரொலியை வைத்து இரையைக் கண்டுபிடிப்பது, ஓர்க்காவுக்கு உதவுகிறது என்பது ஆய்வாளர்களின் வாதம். சும்மா ஓசிச் சாப்பாட்டுக்கு வருகின்றன என்பவர்களும் உண்டு. பிக்ஸிடம் சிக்காமல் இருக்கக் கிடைக்கும் பாதுகாப்பே பெரிய கூலி என்று எனக்குத் தோன்றுகிறது.

மும்தாஜ்: அப்போ மீன் தின்னும் ஓர்க்கா சாதுன்னு சொல்லலாமா சார்?

அவசரப்படாதீங்க. அதே பக்கத்துக் கடலில் 'தெற்கு ரெசிடென்ட்' என்றொரு கூட்டம் இருக்கிறது. டால்பினை விடச் சிறிய போர்ப்பாய்ஸ்களைத் துரத்தி, மூக்கில் ஏந்தி, தூக்கிப்போட்டு விளையாடும். 1962 முதல் 2020 வரை பதிவான 78 சம்பவங்களில் 28 போர்ப்பாய்ஸ்கள் செத்தன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. விளையாட்டா, வேட்டைப் பயிற்சியா, குட்டியாக நினைத்துத் தாங்கிப் பிடிக்கிறதா என்ற விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரவி: வெள்ளைச் சுறாவே பயப்படுமாமே?

ஆமாம். தென்னாப்பிரிக்காவில் 'போர்ட்', 'ஸ்டார்போர்ட்' என்று இரண்டு ஆண் ஓர்க்காக்கள். 2017இல் கான்ஸ்பாய் கரையில் ஈரல் மட்டும் பறிபோன வெள்ளைச் சுறாக்கள் ஒதுங்கின. கொழுப்பு நிறைந்த ஈரல்தான் குறி. மற்ற சுறாக்கள் அந்தப் பக்கமே வராமல் போயின. 2023இல் ஸ்டார்போர்ட் தனியாளாக ஓர் இளம் சுறாவை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டது.

தேன்மொழி: ஓர்க்காவை எதிர்த்து நிற்க யாருமே இல்லையா?

இருக்கிறார்கள்! கூன்முதுகுத் திமிங்கிலம். ஓர்க்கா தாக்கும் சத்தம் கேட்டால் வந்து குறுக்கே விழும். 2017இல் வந்த ஓர் ஆய்வு இப்படிப்பட்ட 115 மோதல்களைத் தொகுத்தது. ஓர்க்கா தாக்கிய இரை பெரும்பாலும் கூன்முதுகு அல்ல, வேறு இனம். 2009இல் அண்டார்க்டிகாவில் ஓர்க்காக்கள் பனிமிதவையிலிருந்து தள்ளிய வெடல் என்ற வகை சீல் ஒன்று, கூன்முதுகுத் திமிங்கிலத்திடம் நீந்திப் போனது. திமிங்கிலம் மல்லாந்து, சீலைத் தன் நெஞ்சில் ஏற்றிக்கொண்டது. அது சறுக்கி விழப்போனபோது துடுப்பால் மெல்லத் திரும்ப நடுவில் தள்ளியது. சீல் பிழைத்துப் பனிக்கு ஏறிவிட்டது. இதைக் கருணை என்று பலர் எழுதுகிறார்கள். கூன்முதுகுக் குட்டிகளையும் ஓர்க்கா தாக்கும். ஆகவே இரை யாரென்று பார்க்காமல், சத்தத்துக்கே பாய்ந்து வருகிறது என்பதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது.

பைலட் திமிங்கிலங்களும் ஐஸ்லாந்துக் கடலில் ஓர்க்காக்களைத் துரத்துகின்றன. ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. அதே ஐஸ்லாந்தில் 2021இல் ஒரு பெண் ஓர்க்கா, பிறந்து சில நாளே ஆன பைலட் குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீந்தியது. தத்தெடுத்ததா, தூக்கி வந்ததா, யாரும் பார்க்கவில்லை.

சிவா, திருகோணமலை: எங்கட பக்கம் ஓர்க்கா வருமா?

வரும், ஆனால் அபூர்வம். மிரிஸ்ஸ, திருகோணமலைக் கடல்களில் கண்டிருக்கிறார்கள். 2013இல் இலங்கைக் கடலில் ஸ்பெர்ம் திமிங்கிலக் கூட்டத்தை ஓர்க்காக்கள் தாக்கியது படமாகவே பதிவானது. கண்டால் முதுகுத் துடுப்பையும் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைத் திட்டையும் படம் எடுத்து வையுங்கள், அவற்றை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்பார்கள்.