விளக்கத் தாளை மூடுங்கள், சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: கூட்டுறவு வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். சந்தையில் கிடைக்கும் குறியாக்க, தகவல் தொடர்புப் பாதுகாப்புச் சாதனங்களை ஒரே பட்டியலாகத் தொகுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிளைகள் அதைப் பார்த்துத்தான் வாங்கும். டீலர்கள் தந்த விளக்கத் தாள்கள் எல்லாவற்றிலும் ‘எஃப்.ஐ.பி.எஸ்.’ என்று அச்சிட்டிருக்கிறது. எதை நம்பிச் சேர்ப்பது?

பதில்: விளக்கத் தாளை வைத்து ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். எஃப்.ஐ.பி.எஸ். என்பவை அமெரிக்க அரசின் தரநிலைகள்; அவற்றில் குறியாக்கத்துக்கானது 140. அதன் சான்றிதழை அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யும் கனடாவின் இணையப் பாதுகாப்பு மையமும் சேர்ந்து வழங்குகின்றன. அது பிராண்டுக்குக் கிடைப்பதல்ல. குறியாக்க வேலையைச் செய்யும் ‘மாட்யூல்’ ஒன்றின் குறிப்பிட்ட வெர்ஷனுக்குக் கிடைப்பது. சில சாதனங்களில் பெட்டி முழுவதும் மாட்யூல்; பலவற்றில் உள்ளே இருக்கும் சிப்போ மென்பொருள் பகுதியோ மட்டும்தான். சோதித்த ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) ஒன்று, உங்களுக்கு வந்து சேரும் ஃபர்ம்வேர் வேறு என்றால் அந்தச் சான்றிதழ் உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது.

ஆகவே டீலரிடம் கேட்க வேண்டியது சான்றிதழ் எண். அதை என்.ஐ.எஸ்.டி. தளத்தின் மாட்யூல் தேடல் பக்கத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். அவர் அனுப்பும் பி.டி.எஃப். வேண்டாம். இங்கேதான் இடைத்தரகர்கள் விளையாடுகிறார்கள். ‘கம்ப்ளையண்ட்’ என்று எழுதியிருந்தால் யாரும் சோதிக்கவில்லை, தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் எண்ணைக் காட்டினால் அது அல்காரிதம் சோதனைக்கான எண். கணக்கு சரியாக வருகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ‘சோதனையில் உள்ளது’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பட்டியல்களும் அதே தளத்தில் உண்டு. அவற்றின் ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றிதழ் என்று நீட்டுவார்கள். பரிசீலனை வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்வது உண்மை, அது வெட்கக்கேடும்கூட. அதற்காக வரிசையில் நிற்பதைத் தேறியதாக எழுத முடியாது.

எண் கிடைத்ததும் ‘ஆக்டிவ்’ என்று இருக்கிறதா, ‘ஹிஸ்டாரிக்கல்’ என்று இருக்கிறதா பாருங்கள். இந்தத் தரநிலையின் பழைய பதிப்பான 140-2 சான்றிதழ்களுக்கு 2026 செப்டம்பர் 21 வரைதான் ஆயுள். அதன்பின் எல்லாம் ‘ஹிஸ்டாரிக்கல்’ என்ற பழைய பட்டியலுக்குப் போகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தை உங்கள் பொறுப்பில் தொடரலாம், புதிதாக வாங்கக் கூடாது. புதிய பதிப்பான 140-3 வந்தது 2019-இல். அதன்பிறகும் டெண்டர் வாசகங்களில் ‘140-2’ என்றே பழைய கோப்பிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தால் எந்தத் தயாரிப்பாளர் புதுச் சோதனைக்குப் பணம் கட்டுவார்?

ஒரு விலக்கை மட்டும் நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள், நல்ல சாதனங்கள் பல இதனால்தான் பட்டியலிலிருந்து விழுகின்றன. தேடலில் சாதனத்தின் பெயரே வராமல் இருக்கலாம். விபிஎன் பெட்டி (பொது இணையத்தின் வழியே தகவலைக் குறியாக்கி அனுப்பும் சாதனம்) ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும், உள்ளே வேறொரு நிறுவனத்தின் சான்றிதழ் பெற்ற மாட்யூல் இருக்கும். இது முறையானதுதான். ஆனால் டீலரின் வாய்ச்சொல் போதாது. தயாரிப்பாளரே கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்தச் சான்றிதழ் எண்ணுள்ள மாட்யூல் உள்ளே இருக்கிறது, சாதனத்தின் எல்லாக் குறியாக்க வேலையையும் அந்த மாட்யூலே செய்கிறது என்ற உறுதி, அந்த மாட்யூலின் வெர்ஷன். நடுவில் உள்ளதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். விபிஎன்னின் குறியாக்கிய இணைப்பை அந்த மாட்யூலும், நிர்வாகிக் கடவுச்சொல்லைச் சோதிக்கப்படாத வேறொரு மென்பொருள் நூலகமும் கையாண்டால் கடிதத்துக்கு மதிப்பில்லை. கடிதம் தர மறுத்தால் அந்தச் சாதனத்தைச் சேர்க்காதீர்கள்.

அடுத்து, சான்றிதழ் பக்கத்திலேயே இருக்கும் ‘செக்யூரிட்டி பாலிசி’ ஆவணம். முழுவதும் படிக்க வேண்டாம். வெர்ஷன் அட்டவணை, சோதித்த சூழல், எந்த முறையில் இயக்க வேண்டும், எத்தனை பாதுகாப்பு முத்திரைகள் எங்கே ஒட்ட வேண்டும் என்பவை போதும். முத்திரையைத் தனியாக வாங்க வேண்டிய சாதனங்கள் உண்டு. கொட்டேஷனில் அது இருக்காது.

இத்தனையும் சரியாக இருந்தாலும் சான்றிதழ் எதைச் சோதித்தது என்ற எல்லையை மறக்காதீர்கள். 2010-இல் கிங்ஸ்டன், சான்டிஸ்க், வெர்பேட்டிம் நிறுவனங்களின் குறியாக்கப் பென்டிரைவ்கள் சில உடைந்தன. ஏ.இ.எஸ். 256 என்ற வலுவான குறியாக்கம் இருந்தது, 140-2 இரண்டாம் நிலைச் சான்றிதழும் இருந்தது. கடவுச்சொல் சரியா என்று பார்க்கும் வேலை மட்டும் கணினியில் ஓடிய மென்பொருளில் நடந்தது. கடவுச்சொல் எதுவாக இருந்தாலும், சரி என்றானதும் டிரைவுக்குப் போன திறப்புச் செய்தி ஒன்றேதான்; அதை நேரே அனுப்பினால் கடவுச்சொல் தெரியாமலே டிரைவ் திறந்தது. அதனால் ‘கடவுச்சொல் எங்கே சரிபார்க்கப்படுகிறது’ என்று பட்டியலில் ஒரு கட்டம் வையுங்கள்.

கணினிப் பாதுகாப்புச் சாதனங்களை மதிப்பிடும் சர்வதேச முறையான காமன் கிரைட்டீரியாவின் சான்றிதழுக்கும் இதே பார்வை பொருந்தும். 2013 முதல் இந்தியாவும் அதை வழங்கும் நாடு, இங்கே மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பான எஸ்.டி.கியூ.சி. வழங்குகிறது. ‘ஈ.ஏ.எல். 4’ என்ற (சோதனையின் ஆழத்தைக் காட்டும்) எண்ணில் மயங்காமல், எந்த அம்சங்களைச் சோதித்தார்கள் என்று ‘செக்யூரிட்டி டார்கெட்’ ஆவணத்தில் பாருங்கள். நீங்கள் வாங்குவதே விபிஎன்னுக்காக என்றால் அந்த விபிஎன் அதில் இருக்க வேண்டும். ‘குவாண்டம் பாதுகாப்பு’ (குவாண்டம் கணினியையும் தாங்கும் குறியாக்கம்) என்பவரிடம் அதற்கென 2024-இல் வந்த தரநிலைகளான எஃப்.ஐ.பி.எஸ். 203, 204, 205 ஆகியவற்றில் எது இருக்கிறது என்று கேளுங்கள்.

தயாரிப்பாளரின் உரிமையாளர் யார் என்பதும் ஒரு கட்டம். குறியாக்கச் சாதனங்கள் தயாரித்த சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏ.ஜி. நிறுவனத்தை 1970-இல் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மன் உளவுத்துறையும் ரகசியமாக வாங்கின. அது அம்பலமானது 2020-இல். அதன் சாதனங்களை வாங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

மெசேஜிங் செயலிகளுக்குத் தனித்தாள் போடுங்கள், அவை வேகமாக மறைகின்றன. விக்கர் மீ 2023 கடைசியில் நின்றுபோனது. ஒவ்வொரு வரியிலும் தயாரிப்பாளர் பெயர், மாடல், ஃபர்ம்வேர், சான்றிதழ் எண், நிலை, காலாவதித் தேதி, நீங்கள் சரிபார்த்த தேதி இருக்கட்டும். டீலர் பெயர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்களைத் திரும்பத் தேடுங்கள். ஆர்டர் போடும் நாளில் கிளையும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும் என்று பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.