பழைய ஓவன்: ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்கறதா?

கேள்வி: அக்கா, நான் மும்பை செம்பூர்ல இருக்கேன். வீட்லயே கேக், நான்கட்டாய் பிஸ்கட் பண்ணி எங்க சொசைட்டிலயும் பக்கத்து பில்டிங்லயும் ஆர்டர் எடுத்துக் குடுக்கறேன். 40 லிட்டர் ஓடிஜி ஓவன், வாங்கி 11 வருஷம் ஆச்சு. ரெண்டு மாசமா கேக் மேல செவந்துடுது, அடிப்பக்கம் மாவாவே இருக்கு. மழை ஆரம்பிச்சதுலேந்து ஓவனை ஆன் பண்ணினா வீடு முழுக்க கரண்ட் போயிடுது. ஒரு மெக்கானிக் வந்து பார்த்துட்டு இது முடிஞ்சுது, புதுசு வாங்கிடுங்கன்னார். இன்னொருத்தர் 2,800 குடுங்க, சரி பண்ணித் தரேங்கறார். அதே சைஸ் புதுசு 12,000. பழசுல காசைக் கொட்டாத, பழைய சாமான் வாங்கற பங்கார்வாலாகிட்ட போட்டுடுன்னு வீட்டுக்காரர் சொல்றார். தீபாவளி ஆர்டர் வர ஆரம்பிச்சுடுச்சு. என்ன பண்ணட்டும்?
- செம்பூர் வாசகி

பதில்: முதல் வேலையா அந்த ஓவனோட ப்ளக்கை பிடுங்கி வச்சுடுங்கம்மா. மெக்கானிக் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு கேக்குக்குக்கூட போட வேண்டாம். வீடு முழுக்க கரண்ட் போகுதுன்னா மெயின் போர்டுல இருக்கிற ஆர்சிசிபிதான் கீழ விழுதுன்னு நினைக்கிறேன், பழைய ஆளுங்க அதை ஈஎல்சிபின்னு சொல்லுவாங்க, நடுவுல ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும் பாருங்க, அதுதான். கரண்ட் போற வழியில போகாம ஓவனோட இரும்பு பாடி வழியா கசிஞ்சா அது கட் பண்ணிடும், வீட்டுல போடறது பொதுவா 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழற மாதிரி இருக்கும். அதாவது உங்க கை அந்தக் கதவுல படறதுக்கு முன்னாடி உங்களைக் காப்பாத்திட்டு இருக்கு. அது சும்மா சும்மா விழுதுன்னு யாராவது அதை பைபாஸ் பண்ணித் தரேன்னோ, எர்த் ஒயரை கட் பண்ணிட்டா சரியாயிடும்னோ சொன்னா அந்த ஆளை அப்படியே அனுப்பிடுங்க, தயவு செஞ்சு. எர்த்தை கட் பண்ணினா ட்ரிப் ஆகாது, உண்மைதான், ஆனா கரண்ட் பாடியிலயே நிக்கும், ஈரக் கையோட ட்ரேயை எடுக்கப் போறவங்க நீங்க.

இப்ப ஓவனுக்கு வரேன். நீங்க ரெண்டு கம்ப்ளெயின்ட் எழுதியிருக்கீங்க, எனக்கு என்னமோ ரெண்டுக்கும் ஒரே பார்ட்தான் காரணம்னு தோணுது, கீழ இருக்கிற ஹீட்டிங் ராடு. அந்த ராடு உள்ள சுருள் கம்பி இருக்கும், அதைச் சுத்தி மெக்னீசியம் ஆக்ஸைடு பவுடரை இறுக்கி அடைச்சிருப்பாங்க, வெளியில உலோகக் குழாய். சூட்டை வெளிய விட்டு கரண்டை உள்ளயே நிறுத்தி வைக்கறது அந்தப் பவுடர்தான், ஆனா அது ஈரத்தை இழுக்கும். 11 வருஷமா கேக் மாவு, வெண்ணெய், சர்க்கரைன்னு கீழ் ராடு மேல சிந்தி எரிஞ்சிருக்கும், குழாய்ல எங்கயாவது விரிசலோ துருவோ விழுந்திருக்கும், இந்த ஊர் கடல் காத்தும் ஜூன்லேந்து அடிக்கிற மழையும் அது வழியா உள்ள போயிருக்கும். உள்ள கம்பி அறுந்ததால அடிப்பக்கம் வேகல, பவுடர் ஈரமானதால கரண்ட் கசியுதுன்னு வச்சுக்கிட்டா ரெண்டும் பொருந்துது. வெறும் ஈரம் மட்டும்னா ராடு காய்ஞ்சதும் சரியாயிருக்கும், மழைக்காலத்துல ரொம்ப நாள் உபயோகிக்காம வச்சிருந்த ஓவன்ல இது சகஜம். உங்களோடது அப்படித் தெரியல, ஏன்னா வெறும் ஈரத்துக்கு கீழ சூடு வராம போகாது.

இது என்னோட யூகம்தான், மீட்டர் வச்சுப் பார்த்தாதான் உறுதி. மெக்கானிக் பின் கவரைக் கழட்டினதும் முதல்ல ராடு முனையில இருக்கிற கனெக்டர் கருகியிருக்கான்னு பார்க்கட்டும், அது கருகி லூஸ் ஆனாலும் சூடு வராது, அதைச் சரி பண்றது ரொம்பச் சின்ன செலவு. அடுத்து மேல், கீழ்னு மாத்தற அந்த நாப் இருக்கே, அதோட உள் சுவிட்ச். அப்புறம் ராடு. மல்டிமீட்டர் வச்சா அறுந்திருக்கா இல்லையான்னு உடனே தெரிஞ்சுடும், பாடிக்குக் கசியுதான்னு பார்க்க மெக்கர்னு கசிவைச் சோதிக்கிற மீட்டர் வேணும், அது இல்லாம வர்றவர்கிட்ட இந்த வேலையைக் குடுக்காதீங்க. முதல்ல வந்தவர் திறந்து பார்த்தாரா இல்ல வெளியிலேந்தே முடிஞ்சுதுன்னு சொன்னாரான்னு நீங்க எழுதல, ஆனா எந்த பார்ட் போச்சுன்னு பேர் சொல்லத் தெரியாதவர் சொல்ற தீர்ப்பை நான் எடுத்துக்க மாட்டேன்.

ராடுதான் போச்சுன்னா ரிப்பேர் பண்ணுங்க. யோசிக்கவே வேண்டாம். பொதுவா ரிப்பேர் செலவு புதுசோட விலையில பாதியைத் தாண்டினா வாங்கிடறது நல்லதுன்னு சொல்லுவாங்க, உங்களுக்கு 12,000-ல 2,800-ங்கறது கால் பங்குகூட இல்ல. ஆனா அந்த 2,800-ல பார்ட் எவ்வளவு, கூலி எவ்வளவு, எத்தனை மாசம் கேரண்டின்னு எழுதி வாங்குங்க, கழட்டின பழைய ராடையும் கேட்டு வாங்கிக்குங்க. புது ராடு அதே வாட், அதே நீளம், அதே வளைவா இருக்கணும், சீக்கிரம் சூடாகும்னு அதிக வாட் போட விடாதீங்க, உள்ள இருக்கிற ஒயரும் சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட்டும் அதுக்குத் தாங்காது. சில மாடல்ல கீழ ரெண்டு ராடும் ஒரே சங்கிலியா இருக்கும், ஒண்ணு அறுந்தா ரெண்டும் அணைஞ்சுடும், அப்படி இருந்தா ரெண்டையுமே மாத்திடுங்க. கம்பெனி சர்வீஸ்ல பார்ட் இல்லைன்னு கை விரிச்சா க்ராஃபோர்ட் மார்க்கெட் பக்கத்துல லோஹார் சால் எலக்ட்ரிக் கடைங்கள்ல கேட்டுப் பாருங்க, பழைய ராடையும் ஓவனுக்குப் பின்னாடி இருக்கிற வாட் ஸ்டிக்கரோட போட்டோவையும் கையில எடுத்துட்டுப் போங்க.

பழசு கரண்ட் அதிகமா இழுக்கும்னு வீட்டுக்காரர் சொல்லலாம். ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பேச்சு சரி, பழைய கம்ப்ரஸர் நிஜமாவே பில்லை ஏத்தும். ஓவன்ல 11 வருஷ ராடா இருந்தாலும் நேத்து வாங்கின ராடா இருந்தாலும் உள்ள வாங்கின கரண்ட் அத்தனையும் சூடாதான் மாறும். 2,000 வாட் ஓவன் ஒரு மணி நேரம் விடாம எரிஞ்சாலே 2 யூனிட்தான், தெர்மோஸ்டாட் நடுநடுவுல அணைக்கறதால அதுகூட ஆகாது. கதவு சரியா மூடாம சூடு வெளிய போனாத்தான் பழசுல நஷ்டம்.

அதனால கதவைப் பாருங்க. பின் கவரைத் திறக்கும்போது கூடவே நின்னு உள்ளயும் பாருங்க. உள் தகடு துருப்பிடிச்சு ஓட்டையா இருந்தாலோ, ஒயர் மேல இருக்கிற உறை தொட்டாலே பொடிப்பொடியா உதிர்ந்தாலோ, கீல் தேய்ஞ்சு கதவு தொங்கினாலோ நான் சொன்ன கணக்கெல்லாம் செல்லாது, ராடு மாத்தி ரெண்டு மாசத்துல அடுத்தது போகும், அப்ப புதுசுதான். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு சூட்டைக் கட் பண்ணவே இல்லைன்னாலும், அதுக்கு சரியான பார்ட் கிடைக்கலைன்னாலும் அப்படித்தான், அந்த மாதிரி ஓவனை ஆன் பண்ணிட்டு அடுத்த ரூமுக்குப் போக முடியாது. இதுல ஒண்ணும் இல்லாம வெறும் வயசு மட்டும்தான் காரணம்னா தூக்கிப் போடறதுக்கு எனக்கு மனசு வரல. உங்க கையில நாலு காசு வர வைக்கிற மெஷின் அது, எந்த ட்ரேயில எந்த மூலை சீக்கிரம் செவக்கும்னு உங்களுக்கு அத்துப்படி, புது ஓவன்ல அதையெல்லாம் ஆர்டர் நேரத்துல முதல்லேந்து கத்துக்கணும். முடிவையும் நீங்களே எடுங்க.

ரிப்பேர் ஆகி வந்ததும் உடனே ஆர்டர் வைக்காதீங்க. ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ள வச்சுப் பாருங்க, இல்லைன்னா வீட்டு சர்க்கரையே போதும். சர்க்கரை சுமார் 186 டிகிரியில உருகும். ஒரு ஸ்பூன் சர்க்கரையை ஃபாயில்ல வச்சு 175-ல கால் மணி நேரம் விடுங்க, உருகக் கூடாது, அப்புறம் 190-ல கால் மணி நேரம் விடுங்க, உருகணும். 175-லயே உருகினா ஓவன் காட்டறதைவிட அதிகமா சூடாகுது, 190-லயும் உருகலைன்னா கம்மி. சில ஓவன்ல இதுக்குக் காரணம் தெர்மோஸ்டாட்டோட மெல்லிசு செம்புக் குழாய் நுனி கிளிப்லேந்து நழுவிக் கிடக்கறதுதான், மெக்கானிக் அதைத் திரும்ப மாட்டிட்டா போதும், பைசா செலவில்ல.

ப்ளக் பாயின்ட்டையும் அதே நாள்ல பார்த்துடச் சொல்லுங்க. 2,000 வாட்டுக்கு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் போகும், மிக்ஸி போடற 6 ஆம்பியர் பாயின்ட்லயோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லயோ குத்தக் கூடாது, பெரிய 16 ஆம்பியர் பாயின்ட்தான், அதுல எர்த் நிஜமாவே இருக்கான்னு டெஸ்ட் பண்ணணும். பழைய பில்டிங்கள்ல மூணு ஓட்டை இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. புதுசு வாங்கினாலும் இது மாறப் போறதில்ல, அதனால இந்த வேலை எப்படியும் ஆகணும்.

ஒருவேளை புதுசுன்னு முடிவாச்சுன்னா பழசைப் பங்கார்வாலாகிட்ட எடைக்குப் போடாம, வாங்கற கடையில எக்ஸ்சேஞ்ச் இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா அந்தக் கம்பெனியோட ஈ-வேஸ்ட் கலெக்‌ஷன்ல குடுங்க. ரிப்பேர்னா, அடுத்த மழைக்காலத்துலேந்து ஆர்டர் இல்லாத வாரத்துலயும் ஒரு தடவை இருபது நிமிஷம் காலியா ஓட விடுங்க, சிங்க் பக்கத்துலேந்து தள்ளி வைங்க, சூடு ஆறாம பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க. மெக்கானிக்கை இந்த வாரமே வரச் சொல்லிடுங்க, பார்ட் தேடி வாங்க நாள் ஆகும், அதுவரைக்கும் புது ஆர்டருக்கு தேதி குடுக்காதீங்க.