வேலையை விட்டு ஓவியனாகலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 27. ஞாயிறுதோறும் சந்தை, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று நீர்வண்ணத்தில் வரைவேன். போன மாதம் ஹம்பி போய்வந்ததிலிருந்து ஆபீஸில் உட்கார முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றி வரைந்து பிழைக்க முடியுமா? சில படங்களை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

ஹம்பி போய்வந்தவர்கள் ஒரு மாதத்துக்கு இப்படித்தான் பேசுவார்கள். சரி, படங்களுக்கு வருகிறேன்.

கல்தேரை எல்லோரும் போட்டோ எடுக்கும் இடத்தில் உட்கார்ந்தே வரைந்திருக்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யார் வரைந்ததாகவும் இருக்கலாம். கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைப் படம் அப்படியில்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் இருவரில் ஒருவர் மாட்டைப் பார்க்கவே இல்லை, எதிராளியின் முகத்தையே பார்க்கிறார். வேட்டிக்கு வெள்ளை பூசாமல் காகிதத்தை அப்படியே விட்டு, மடிப்பில் மட்டும் நீலம் தொட்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தையில் பலநாள் நின்றவருக்குத்தான் இது கைவரும்.

பயணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓவியர் அம்ரிதா ஷெர்கில் அஜந்தா பார்த்து, தென்னிந்தியாவையும் சுற்றிவிட்டுத் திரும்பி 1937இல் வரைந்த மூன்று பெரிய படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு மணப்பெண்ணின் அலங்காரம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குப் போகும் கிராமத்து ஜனங்கள். கோபுரம் ஒன்றுகூடக் கிடையாது.

இனி பிழைப்பு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் உடனிருந்த ஓவியர்களும் சென்னைக்குப் பக்கத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்களே, அவர்களுக்குச் சோறு போட்டது முதலில் ஓவியமல்ல. மெழுகு தடவிச் சாயமேற்றும் பத்திக் துணியும் பிற கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள், மிச்ச நேரத்தில் வரைந்தார்கள். ஓவியர் சில்பி ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தார். அவருக்குப் பயணமே வேலையாக அமைந்தது. இரண்டு வழியிலும் காசு எங்கிருந்து வருகிறது என்பதில் குழப்பமில்லை.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அதையே இதற்கும் போட்டுப் பாருங்கள். ஓவியக் காலரியில் விற்பனைக்கு வைத்தால் விற்ற விலையில் மூன்றிலொரு பங்கு, சில இடங்களில் பாதிகூட, அவர்களுக்குப் போய்விடும். படத்துக்கு பிரேம் போடும் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். விற்கிற படத்துக்கு அமிலமில்லாத, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்திக் காகிதமும் வெளுக்காத வண்ணமும் வேண்டும். மாணவர்களுக்கான மலிவு டியூபில் சில சிவப்புகளும் ஊதாக்களும் வெயில்பட்டால் சில வருஷத்திலேயே மங்கிவிடும், வாங்கியவர் நம்மைத்தான் திட்டுவார். அப்புறம் வகுப்பு எடுப்பது, புத்தகங்களுக்கு வரைவது, வீட்டுக்கு உருவப்படம் கேட்பவர்கள் என்று மாதாமாதம் வரக்கூடியதைத் தனியாக எழுதுங்கள். ஒருவேளை உங்களுக்கும் அதுதான் பத்திக் துணி.

இப்போதைக்கு ராஜினாமா எழுதவேண்டாம். ஓராண்டு சம்பளத்தில் இருந்துகொண்டே தெரியாதவர்களுக்குப் படம் விற்றுப் பாருங்கள். சொந்தக்காரர்கள் வாங்குவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.