ஒரு நாட்டு மக்களின் விழுமியங்களை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? வேலூர்ப் பக்கம் அது சரிவருமா?

விழுமியங்களைப் பற்றி எழுதிய ரிச்சர்ட் பாரெட் என்பவர் வகுத்த முறை பல நாடுகளில் பயன்பட்டிருக்கிறது. ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து, உங்களுக்குப் பொருந்தும் பத்துச் சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அப்புறம் வேலையிடம் இன்று எப்படி இருக்கிறது என்பதற்குப் பத்து, எப்படி இருக்கவேண்டும் என்பதற்குப் பத்து. நாட்டுக்கும் இதே மாதிரிதான். பட்டியலில் நேர்மை, குடும்பம் மட்டுமில்லை, ஊழல், பழிபோடுதல் போன்றவையும் கலந்திருக்கும். 'இன்று' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் உள்ள இடைவெளியைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

வேலூரில் செய்யலாம், ஆனால் படிவத்தை அப்படியே நீட்டினால் போதாது. குடியாத்தத்தில் பீடி சுற்றும் அக்காவுக்கு வேலையிடம் என்பது வீட்டுத் திண்ணை. மடியில் முறம், அதில் இலையும் தூளும். சுற்றிக் கொடுத்ததில் எத்தனையைக் கழிப்பது என்று முடிவு செய்வது ஏஜென்ட். அந்த அக்காவிடம் 'குழுப்பணி' என்ற சொல்லைக் காட்டி என்ன பயன்? 'நியாயமான கூலி', 'மரியாதை' பட்டியலில் இருக்கவேண்டும். ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளியிடம் மேற்பார்வையாளர் நிற்கும்போது கேட்கவே கூடாது. வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்கு உருதுப் படிவமும் வேண்டும்.